டெலீட் அடித்தும் திறக்காத பயாஸ்

கம்ப்யூட்டரில் விண்டோஸை மாற்றும் முன், பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே பயாஸுக்குள் (விண்டோஸ் எழும் முன் மதர்போர்டில் ஓடும் அமைப்பு நிரல்) போக முடிகிறதா என்று பார்த்துவிட வேண்டும். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பென் டிரைவைத் தயார் செய்து, ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்து முடித்த பிறகுதான் பயாஸைத் திறக்கும் டெலீட் கீயைத் தட்டிப் பார்க்கிறார்கள். அது வேலை செய்யாவிட்டால் கையில் விண்டோஸும் இல்லை, பயாஸும் இல்லை. மதுரையில் அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரில் பழைய விண்டோஸ் உயிரோடு இருந்ததால்தான் நான் தப்பித்தேன்.

அது 2017இல் அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டர். இன்டெல் ஐ3-6100 பிராசஸர், எச்110 சிப்செட் போர்டு, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. இடையில் அக்கா பையன் கேம் விளையாடுவதற்காக யாரிடமோ பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கி மாட்டியிருந்தான். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் பட்டியல் இன்டெல்லின் எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. இது ஆறாம் தலைமுறை. குறுக்கு வழியில் 11ஐ ஏற்றலாம், ஏற்றியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்த வீட்டில் இந்தக் கம்ப்யூட்டர் பிரவுசர், பிரிண்ட், பிள்ளைகளின் பாடம் இவற்றுக்குத்தான் பெரும்பாலும். அதனால் 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை மாட்டி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச ஓஎஸ் போட்டுவிடலாம் என்று முடிவு. மின்ட் 22க்கு 2029 வரை அப்டேட் உண்டு.

போட்டோக்கள், பிள்ளைகளின் சான்றிதழ் ஸ்கேன்கள் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்தேன். ரூஃபஸ் என்ற நிரலை வைத்து, மின்ட் நிறுவும் பென் டிரைவ் தயாரானது. அடுத்து பென் டிரைவிலிருந்து பூட் செய்ய வேண்டும். ரீஸ்டார்ட் செய்து டெலீட்டைத் தட்டிக்கொண்டே இருந்தேன். திரை கறுப்பாகவே இருந்தது, சற்று நேரத்தில் விண்டோஸின் லாகின் பக்கம் வந்து நின்றது. எஃப்2, எஃப்8, எஃப்11, எஃப்12 எதற்கும் அசையவில்லை. போர்டு கம்பெனியின் லோகோகூடத் தெரியவில்லை.

"அது எப்பவுமே அப்படித்தான் மாப்ள, நேரா விண்டோஸ்தான் வரும்" என்றார் மச்சான்.

இந்தப் பதிலை அப்போது நான் கொஞ்சம் கூர்ந்து கேட்டிருக்கலாம். லோகோ வராதது ஒரு கோளாறு, டெலீட் கேட்காதது இன்னொரு கோளாறு என்பது அப்புறம்தான் பிரிந்து தெரிந்தது.

முதலில் கீபோர்டைச் சந்தேகப்பட்டேன். அது வயர்லெஸ், கேபினட்டின் முன்பக்க யூஎஸ்பியில் டாங்கிள் செருகிய வகை. இந்த வகை பயாஸில் பெரும்பாலும் வேலை செய்யும், சில சமயம் செய்யாது. ப்ளூடூத் கீபோர்டுகளில் பெரும்பாலானவை விண்டோஸ் ஏறிய பிறகுதான் உயிர் பெறும் என்பதால் அவற்றை நம்பவே கூடாது. பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஒரு வயர் கீபோர்டு இரவல் வாங்கி, பின்பக்கம் நேராக மதர்போர்டில் இருக்கும் யூஎஸ்பியில் செருகினேன். முன்பக்க சாக்கெட் தனி வயர் வழியாகப் போர்டுக்குப் போகிறது. அந்த வயர் தளர்ந்திருந்தால் வீண் அலைச்சல். நீல நிற 3.0 சாக்கெட்டை விட்டு கறுப்பு 2.0 சாக்கெட்டில் செருகச் சொல்லும் அறிவுரை பழைய போர்டுகளுக்குப் பொருந்தும். ஆறாம் தலைமுறையோடு வந்த 100 வரிசை சிப்செட்களில் இரண்டுமே ஒரே கன்ட்ரோலரில்தான் தொங்குகின்றன, அதனால் இங்கே அதில் பலன் இல்லை.

வயர் கீபோர்டிலும் டெலீட் கேட்கவில்லை. ஆனால் அதில் நம்லாக் விளக்கு இருந்தது. வயர்லெஸ் கீபோர்டுகளில் இது பெரும்பாலும் இருப்பதில்லை, அதனால் இந்த மாதிரி வேலைக்கு இரவல் வாங்குவதானால் விளக்கு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பவர் பட்டனை அழுத்தியதும் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். நம்லாக்கைத் தட்டினாலும் எரியவில்லை. விண்டோஸ் வரும் சமயத்தில்தான் மினுக்கி எழுந்தது. அதாவது விண்டோஸ் வரும்வரை போர்டு அந்தக் கீபோர்டைக் கண்டுகொள்ளவே இல்லை. கண்டுகொள்ளாத கீபோர்டில் எந்தக் கீயை எத்தனை வேகமாகத் தட்டி என்ன ஆகப் போகிறது?

இங்கே இரண்டு விஷயங்களைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று உண்டு, விண்டோஸ் 8இல் 2012இல் வந்தது. ஷட்டவுன் கொடுத்தால் விண்டோஸ் தன் உட்பகுதியை டிஸ்க்கில் சேமித்துவிட்டுப் படுத்துக்கொள்ளும், அடுத்த முறை அதையே எடுத்து எழுந்துவிடும். ரீஸ்டார்ட் கொடுத்தால் இது நடக்காது. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுத்தாலும் நடக்காது. ஃபாஸ்ட் பூட் வேறு, அது போர்டின் பயாஸுக்குள் இருக்கிறது. விண்டோஸைத் தொடங்குவதற்குத் தேவையானதை மட்டும் எழுப்பிவிட்டு, யூஎஸ்பி போன்றவற்றை அப்படியே தாண்டிப் போய்விடும். நான் ரீஸ்டார்ட்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன், அதனால் முதல் ஆள் குற்றவாளி இல்லை. இரண்டாவது ஆள்தான் என்று விளக்கு சொல்லிவிட்டது. கதவைத் திறக்கும் சாவியைக் கதவுக்கு உள்பக்கம் வைத்துப் பூட்டிய கதைதான். ஃபாஸ்ட் பூட்டை அணைக்கப் பயாஸுக்குள் போக வேண்டும், பயாஸுக்குள் போக ஃபாஸ்ட் பூட் விடாது.

இந்த இடத்தில் தெரு முனை மெக்கானிக் முதல் பென் டிரைவ் வல்லுநர் வரை எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: போர்டில் உள்ள வட்ட பேட்டரியைக் கழற்றி மாட்டு. சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி அது. மின் இணைப்பைப் பிடுங்கி அதைக் கழற்றினாலோ, அருகில் உள்ள கிளியர் சிமாஸ் ஜம்பரைச் சேர்த்துவிட்டாலோ டெஸ்க்டாப் போர்டில் பயாஸ் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குப் போய்விடும். ஃபாஸ்ட் பூட் பெரும்பாலும் அதோடு போய்விடும். எனக்கு அதில் பிடிக்காதது, எது எப்படி இருந்தது என்ற தடயமும் சேர்ந்து போய்விடுவது. சாட்டா மோடு (போர்டு டிஸ்க்கோடு பேசும் முறை) ஏஎச்சிஐயிலிருந்து வேறொன்றுக்கு மாறினால் பழைய விண்டோஸ் நீலத் திரை காட்டும். பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டு போட்ட டிஸ்க்காக இருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்டு உட்காரும். அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. பேட்டரியைக் கழற்றுவது கடைசி வழியாக இருக்கட்டும் என்று ஒதுக்கி வைத்தேன்.

விண்டோஸ் வழியாகப் போவது இதைவிடச் சுத்தம். முதலில் விண்டோஸ் எந்த முறையில் நிறுவப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் கீயோடு ஆரை அழுத்தி எம்எஸ்இன்ஃபோ32 என்று அடித்தால் வரும் பக்கத்தில் பயாஸ் மோட் என்று ஒரு வரி உண்டு. அதில் யூஇஎஃப்ஐ (புதிய பாணி பயாஸ்) என்று இருந்தால் இந்த வழி திறக்கும். லெகசி (பழைய பாணி) என்று இருந்தால் திறக்காது, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். இங்கே யூஇஎஃப்ஐ.

வழக்கமாகச் செய்வது, ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து, வரும் நீலப் பக்கத்தில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் என்று போவது. எனக்குக் கட்டளை அடிப்பதுதான் பழக்கம். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ஷட்டவுன் என்று அடித்து, ஒவ்வொன்றுக்கும் முன்னால் இடம் விட்டு சாய்கோடு ஆர், சாய்கோடு எஃப்டபிள்யூ, சாய்கோடு டி, கடைசியில் 0. முதல் தடவை ஏதோ கிடைக்கவில்லை என்று 203 என்ற எண்ணோடு பிழை காட்டினால் பயப்பட வேண்டாம், அதே கட்டளையைத் திரும்ப அடித்தால் பெரும்பாலும் போய்விடும். இந்தக் கட்டளை போர்டின் நினைவகத்தில் ஒரு சின்னக் குறிப்பை எழுதி வைக்கிறது: அடுத்த முறை எழும்போது விண்டோஸுக்குப் போகாதே, நேராக அமைப்புப் பக்கத்துக்குப் போ. ஃபாஸ்ட் பூட் போட்டிருந்தாலும் போர்டு இந்தக் குறிப்பை மதிக்கும்.

கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆனது. திரை கறுத்தது. மானிட்டரில் நோ சிக்னல் என்று ஒரு பெட்டி மிதந்துவிட்டு அதுவும் அணைந்தது. ஃபேன் சுற்றுகிறது, டிஸ்க் சத்தம் இல்லை. விண்டோஸும் வரவில்லை.

"போச்சா?" என்றார் மச்சான்.

கை தானாக நம்லாக்கைத் தட்டியது. விளக்கு எரிந்தது. திரும்பத் தட்டினேன், அணைந்தது. முன்பு விண்டோஸ் வரும்வரை செத்துக் கிடந்த அதே கீபோர்டு இப்போது விண்டோஸ் இல்லாமலே பதில் சொல்கிறது. அப்படியானால் நாம் பயாஸுக்குள்தான் நிற்கிறோம், படம் மட்டும்தான் வரவில்லை. கோளாறு கீபோர்டிலிருந்து திரைக்கு இடம் மாறிவிட்டது.

இப்போதுதான் மச்சான் சொன்ன எப்பவுமே என்பதைத் தோண்டினேன். எப்பவுமே இல்லையாம். வாங்கிய புதிதில் லோகோ வந்ததாம். எப்போதிலிருந்து வரவில்லை என்று கேட்டால் அவருக்கு நினைவில்லை, பையனுக்கு இருந்தது: "கார்டு போட்டதுல இருந்து மாமா."

அங்கே முடிச்சு அவிழ்ந்தது. மானிட்டர் கேபிள் அந்தக் கிராபிக்ஸ் கார்டில்தான் செருகியிருந்தது. பழைய கார்டு, பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்திய தலைமுறை. யூஇஎஃப்ஐ முறையில் எழும் போர்டு, திரையில் எதையாவது வரைய வேண்டுமானால் கார்டுக்குள் ஜிஓபி என்ற சிறு நிரல் இருக்க வேண்டும். விண்டோஸ் 8 வந்த காலத்துக்குப் பிறகுதான் கார்டுகளில் அது பரவலானது. அதற்கு முந்திய கார்டுகளில் இருப்பது பழைய பயாஸ் பாணி நிரல். அதை ஓடவிட போர்டில் சிஎஸ்எம் என்ற பழைய பாணி ஆதரவு இயங்க வேண்டும். சிஎஸ்எம் அணைந்திருந்தால் போர்டுக்கு அந்தக் கார்டில் வரையத் தெரியாது. சில போர்டுகள் இதைக் கண்டுபிடித்துத் தாமே சிஎஸ்எம்மை எழுப்பிவிடும், சில இப்படிக் கறுப்பாகவே நிற்கும். விண்டோஸ் தன் சொந்த டிரைவரை ஏற்றிய பிறகுதான் படம் வரும். அந்த வீட்டில் இத்தனை நாளாக நடந்தது அதுதான்.

கேபிளைக் கழற்றி மதர்போர்டின் விஜிஏ சாக்கெட்டில் செருகிப் பார்த்தேன், வரவில்லை. தனிக் கார்டு இருந்தால் பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸை அணைத்துவிடுவது இந்த மாதிரி போர்டுகளின் வழக்கம். கார்டையே கழற்ற வேண்டியதுதான். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, சுவர் பிளக்கைப் பிடுங்கி, மிச்ச மின்சாரம் போக இன்னொரு முறை பட்டனை அழுத்திவிட்டுக் கேபினட்டைத் திறந்தேன். கார்டின் சின்ன ஃபேனில் தூசி கம்பளி மாதிரி அப்பியிருந்தது. பின்பக்க ஸ்க்ரூவை எடுத்து, சிலாட்டின் கடைசியில் இருக்கும் பிளாஸ்டிக் கொக்கியை விரலால் அழுத்திக்கொண்டு தூக்கினால் கார்டு கையோடு வந்துவிடும். அந்தக் கொக்கியைப் பார்க்காமல் இழுத்து சிலாட்டைப் பெயர்த்தவர்களை எனக்குத் தெரியும்.

மூடாமலே பிளக்கைச் செருகிப் போட்டதும் போர்டின் லோகோ பளிச்சென்று வந்தது. கீழே, அமைப்புக்குள் போக டெலீட் அல்லது எஃப்2 என்ற வரி. வன்பொருள் மாறியதால் போர்டு அந்த முறை முழுச் சோதனையும் செய்தது போலிருக்கிறது, டெலீட்டும் உடனே கேட்டது.

உள்ளே போனதும் எதையும் மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். ஃபாஸ்ட் பூட் இயக்கத்தில், அதற்குக் கீழே யூஎஸ்பி ஆதரவு அணைப்பில், சிஎஸ்எம்மும் அணைப்பில். எப்போதோ ஒரு முறை வேகமாக்கித் தருவதாகச் சொல்லி ஒருவர் பார்த்துக் கொடுத்தாராம். அவர் அமைத்ததில் தவறென்று சொல்ல மாட்டேன், அப்போது கார்டு இல்லை. பிறகு கார்டு வந்து சேர்ந்ததும் இரண்டும் கைகோத்துவிட்டன.

மாற்றியது கொஞ்சம்தான். ஃபாஸ்ட் பூட்டை அணைத்தேன், யூஎஸ்பி ஆதரவை முழுமைக்கு வைத்தேன். சாட்டா ஏஎச்சிஐயில் இருந்தது, தொடவில்லை. கையொப்பமிட்ட ஓஎஸ்ஸை மட்டும் எழவிடும் செக்யூர் பூட் அணைப்பில் இருந்தது, அதையும் விட்டுவிட்டேன். மின்ட் இரண்டு நிலையிலும் ஏறும். சிஎஸ்எம்மை இயக்கலாமா என்று யோசித்து வேண்டாம் என்று விட்டேன். அது இயங்கினால் பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு வரிகளாகத் தெரியலாம், ஒன்று யூஇஎஃப்ஐ என்ற முன்னொட்டோடு, இன்னொன்று வெறும் பெயரோடு. வெறும் பெயரைத் தேர்ந்தெடுத்து லெகசி முறையில் நிறுவிவிட்டு, அப்புறம் பூட் ஆகவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வது ரொம்ப சாதாரணமாக நடக்கிறது.

எஃப்10 அழுத்திச் சேமித்து, பூட் மெனு வழியாகப் பென் டிரைவ். இந்த மெனுவின் கீ போர்டுக்குப் போர்டு மாறும்: அசூஸில் எஃப்8, கிகாபைட்டில் எஃப்12, எம்எஸ்ஐயிலும் ஏஎஸ்ராக்கிலும் எஃப்11. லேப்டாப்பில் டெல், லெனோவோ இரண்டும் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9. ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் பயாஸுக்குள் போய் அந்த மெனுவை முதலில் இயக்கிவிட வேண்டும். லேப்டாப்களில் மேல்வரிசைக் கீகள் ஒலி, வெளிச்சம் என்று மாற்றப்பட்டிருந்தால் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்திப் பார்க்க வேண்டும். லெனோவோவின் சில மாடல்களில் பக்கவாட்டில் ஊசித் துளை அளவில் நோவோ பட்டன் இருக்கும், அணைத்த நிலையில் ஒரு குண்டூசியால் குத்தினால் மெனு வந்துவிடும், கீபோர்டை நம்பவே வேண்டாம்.

லேப்டாப் பேச்சு வந்ததால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இன்டெல் பதினோராம் தலைமுறையிலிருந்து வந்த பலவற்றில், பயாஸுக்குள் போய்ப் பென் டிரைவிலிருந்து பூட்டும் ஆகி, விண்டோஸ் நிறுவும் பக்கத்தில் டிஸ்க்கே இல்லை என்று காட்டும். எஸ்எஸ்டி செத்துவிட்டதாக நினைத்து மாற்றிவிடாதீர்கள். விஎம்டி என்ற இன்டெல் அமைப்பு எஸ்எஸ்டியைத் தனக்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கும். அதற்கான டிரைவரைப் பென் டிரைவில் வைத்து நிறுவும்போது காட்டலாம், அல்லது பயாஸில் விஎம்டியை அணைக்கலாம். ஏசரில் அந்த வரியே தெரியாது. மெயின் பக்கத்தில் நின்று கன்ட்ரோலோடு எஸ் அடித்தால்தான் வெளியே வரும். பழைய விண்டோஸை வைத்துக்கொள்வதானால் மட்டும் விஎம்டியை அணைக்காதீர்கள், அது எழாது.

மதுரைக்கு வருகிறேன். மின்ட் நிறுவும் முன் பழைய ஹார்ட் டிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழற்றிவிட்டேன். இரண்டு டிஸ்க்கும் இருந்தால் மின்ட்டின் நிறுவி சில சமயம், நாம் எஸ்எஸ்டியைக் காட்டினாலும், பூட் கோப்புகளைப் பழைய டிஸ்க்கில் உள்ள ஈஎஃப்ஐ பகுதியில் கொண்டுபோய் வைத்துவிடும். அன்றைக்கு எல்லாம் ஓடும். பிறகு ஒருநாள் பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போட்டால் மின்ட்டும் எழாது. கேபிளைக் கழற்றுவது இரண்டு நிமிட வேலை, அந்தக் கவலையே இல்லை. நிறுவியதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, டீ குடித்து முடிப்பதற்குள் முடிந்தது.

கார்டைத் திரும்ப மாட்டவில்லை. ஐ3-6100க்குள்ளேயே இருக்கும் எச்டி 530 கிராபிக்ஸ் அந்தக் கார்டைவிட வேகமானது என்று பையனிடம் சொன்னேன், நம்பவில்லை. அவனுடைய கேமையே ஓடவிட்டுக் காட்டிய பிறகு கார்டை யாருக்கு விற்கலாம் என்று கேட்டான்.

ஹார்ட் டிஸ்க்கை மறுபடி இணைத்ததும் விண்டோஸ் எழுந்து வந்தது. போர்டு பழைய டிஸ்க்கைப் பார்த்ததும் விண்டோஸ் பூட் மேனேஜரை வரிசையில் முதலில் வைத்துவிட்டது. இந்த முறை டெலீட் தட்டியதும் பயாஸ் திறந்தது. பூட் வரிசையில் மின்ட் என்று தேடினால் கிடைக்காது, அது உபுண்டு என்ற பெயரில்தான் நிற்கும். அதை மேலே ஏற்றிச் சேமித்தேன். மின்ட்டுக்குள்ளிருந்தும் பயாஸுக்குப் போகலாம்: டெர்மினலில் சிஸ்டம்சிடிஎல் ரீபூட் என்று அடித்து, இடம் விட்டு, இரண்டு ஹைஃபன்களுக்குப் பிறகு ஃபர்ம்வேர் ஹைஃபன் செட்டப் என்று சேர்த்தால் போதும். அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி கேபினட் பக்கவாட்டில் ஒட்டிவிட்டு வந்தேன். பழைய டிஸ்க்கில் விண்டோஸ் இன்னும் அப்படியே இருக்கிறது. ஏதாவது ஃபைல் விட்டுப்போயிருக்கிறதா என்று அக்கா ஒரு மாதம் பார்க்கட்டும், அப்புறம் ஃபார்மட்.